அங்குலத்துக்கு எட்டுத் தையல்

அங்குலத்துக்கு எட்டுத் தையல்.
எண்ணுவது என் உத்தியோகம்.
லீட்ஸ் நகரத்து ஆம்லிச் சிறையில்
பதினொரு வருடமாய்
பித்தளை அளவுகோலைத் தபால் சாக்கின் மேல் வைத்து
ஏழு இருந்தால் பிரிக்கச் சொல்வேன்.
ஒன்பது யாரும் போட்டதில்லை.

பதினான்காம் அறை: ஆம்ப்ரோஸ் தாக்ரா.
பூட்ஸ் ஆலை முதலாளி.
தோலுக்கும் தோலுக்கும் நடுவே அட்டை வைத்து
நாற்பதாயிரம் ஜோடி பட்டாளத்துக்கு விற்றவர்.
எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள்.
இவர் வீட்டைத் தொடவில்லை,
எரிகிறவன் காலடியில் பிடுங்கினார்.

பதினைந்தாம் அறை: எனாக் பிக்கர்ஸ்கில்,
பள்ளிக்கூட வாத்தியார்.
துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றவர்.
நடுவில் ஒரு சுவர்.
இருவருக்கும் இரண்டு வருடக் கடுங்காவல்,
அதே ஓட்ஸ் கஞ்சி, அதே வளைந்த ஊசி.

என் மகன் ஹெர்பர்ட் பிரான்சிலிருந்து எழுதினான்:
"அப்பா, பூட்ஸ் பாலில் போட்ட ரொட்டி மாதிரி ஊறிவிடுகிறது."
தணிக்கைக்காரன் எப்படியோ அந்த வரியை விட்டுவிட்டான்.
அடுத்த கடிதம் ஆஸ்பத்திரியிலிருந்து,
வேறொருவர் கையெழுத்தில்.
இடது காலில் மூன்று விரல்கள் இல்லை.

மார்ச்சில் ஒரு வண்டி வந்தது.
போர்க்களத்தில் பொறுக்கிய பழைய பூட்ஸ்,
மூட்டை மூட்டையாக, நம் ஊரில் இல்லாத நிறத்துச் சேற்றோடு.
பிரித்து, தேறும் தோலைத் தனியே எடுக்க வேண்டும்.
யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம்.
பதினான்காம் அறையில் கொட்டினேன்.
கொட்டிவிட்டு வாசலிலேயே நின்றேன்.
விதிப்படி நிற்க வேண்டியதில்லை.

மூன்றாவது ஜோடியின் நாக்கில் அவருடைய முத்திரை:
ஓர் ஆட்டுத்தலை, கீழே தாக்ரா அண்ட் சன்ஸ்.
கட்டைவிரலால் சேற்றைத் துடைத்துப் பார்த்தார்.
எதற்காகக் காத்திருந்தேன் நான்?
ஒரு கேவலுக்கா?
கை நடுங்கி ஊசி விரலில் ஏறுவதற்கா?
தோலை வளைத்தார், முகர்ந்தார்.
"மேல்தோல் முதல் தரம், ஆஃபீசர்.
இன்னொரு ஆளுக்கு ஓடும்."
ஊறி உப்பிய அட்டைகளை வேறாக அடுக்கினார்,
அவற்றுக்கும் ஒரு விலை இருப்பதுபோல.

ஏப்ரலில் தபால் சாக்கு நின்று
பீரங்கி மருந்துக்குப் பை தைக்கும் வேலை வந்தது.
எனாக் ஊசியைக் கீழே வைத்தார்.
"கடிதம் போகும் என்று தைத்தேன். இது வேறு."
பைதானே என்றேன்.
"உள்ளே என்ன போடுவார்கள் என்று கேட்கக்கூடாதா?"
கூடாது. கைதி கேட்கக்கூடாது.
மூன்று நாள் ரொட்டியும் தண்ணீரும்.
நாலாம் நாளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
மறுபடி மூன்று நாள்.

அவர் பங்கையும் சேர்த்துத் தாக்ரா தைத்தார்.
எண்ணினேன்.
திரும்ப எண்ணினேன்.
ஒன்பது.
நன்னடத்தை என்று குறித்துக்கொண்டார்கள்.
தண்டனையில் மூன்று மாதம் தள்ளுபடி.

காலாண்டு முடிவில் குமாஸ்தாவுக்குக் காய்ச்சல்,
பேரேடு என் கைக்கு வந்தது.
வரவு, எழுநூற்றுப் பதினொரு பவுன்.
கூலி, பூஜ்யம்.
மிச்சத் தொகைக்குப் பக்கத்தில்
என்ன பெயர் எழுதுவது?
பேனா முனையில் மை திரண்டு சொட்டப் பார்த்தது.
லாபம் என்று எழுதலாம்.
அந்தச் சொல்லுக்காகத்தான்
ஒருவரை உள்ளே பூட்டி வைத்திருக்கிறோம்.
'சேமிப்பு' என்று எழுதினேன்,
தெளிவான கையெழுத்தில், ஒற்றுத்தாள் வைத்து அழுத்தி.

தாக்ராமேல் எனக்கு இரக்கமில்லை.
அவர் விற்ற பூட்ஸை அவருக்கே மாட்டி
ஆறு வாரம் தண்ணீரில் நிறுத்தினால்
பார்க்கப் போயிருப்பேன், நாற்காலியோடு.
ஆனால் சட்டம் ஊசியைத்தான் கொடுத்தது.
அது அவருக்குப் பழகிய தொழில்.

இரவு வீட்டில்
ஹெர்பர்ட் இடது பூட்ஸின் முனையில்
பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான்.
"அந்த ஆள் எப்படி, அப்பா?"
"நன்றாகத் தைக்கிறார்" என்றேன்.
அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.
இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணித்தான்.